ஆசன சாமி வீட்டுத் துப்பட்டி

பாஷ்யம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். திருவள்ளூரில் அவர் வீட்டுக் கூடத்தில் விடியற்காலையில் தினமும் நடக்கிற வைபவம் இது. கால்கள் இரண்டும் உத்தரத்தைப் பார்த்தபடி இருக்கும். தலை, நாலாக மடித்த துப்பட்டியின்மேல் பதிந்திருக்கும். உலகத்துக் கவலையெல்லாம் தலையை விட்டு இறங்கிக் காலுக்குப் போய்விட்ட மாதிரி முகத்தில் ஒரு சாந்தம் தெரியும்.

கிணற்றடியில் ‘டணார்’ என்று ஏதோ விழுந்து உருண்டது.

“என்ன அது?” என்று தலைகீழாகவே கேட்டார்.

“ஒண்ணுமில்லை, சொம்பு” என்று அவர் மனைவி பூமாவின் குரல் வந்தது.

ஒண்ணுமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகென்ன? ஆசனத்தைப் பாதியில் கலைக்கக் கூடாது என்பது விதி. பாஷ்யம் கலைக்கவில்லை. அதே வாரத்தில் ஒரு கல்சட்டியும் ஓர் எண்ணெய்க் கிண்ணமும் அவள் கையிலிருந்து விழுந்திருந்தன. அப்போதும் அவள் ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொன்னாள். வீட்டிலிருந்த ஆண்கள் இருவரும் அதை நம்பினார்கள். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

இன்னொரு ஆண், பாஷ்யத்தின் தகப்பனார் பராசரன். தெருக்கோடியில் இருந்த சின்னப் பெருமாள் சன்னிதியில் அர்ச்சகர். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆசாரத்தில் மனிதர் நெருப்பு. பெருமாளைத் தொடப் போகிறவன் உடுத்துகிற துணி மடியாக இருக்க வேண்டும். குளித்துவிட்டு வந்தவர் கையால் துவைத்துப் பிழிந்து, உயரத்தில் கட்டிய மூங்கிலில் கோலால் தூக்கிப் போட்டு, வேறு யார் கையும் படாமல் உலர்ந்தால்தான் அது மடி. மற்றத் துணிகளைச் சலவைக்காரி குப்பம்மாள் எடுத்துப் போவாள். மடித் துணியெல்லாம் மருமகள் கைக்கு. மாமனாரின் வேஷ்டியும் உத்தரீயமும், கணவனின் வேஷ்டி, அவளுடைய ஒன்பது கெஜப் புடவை, அதற்கெல்லாம் மேலே அந்தத் துப்பட்டி.

துப்பட்டி பாஷ்யத்தின் கண்டுபிடிப்பு. மெட்ராசுக்கு ஞாயிறுதோறும் போய் ஒரு வருஷம் யோகாசனம் கற்றுக்கொண்டு வந்தவர், ஆசனமும் ஓர் ஆராதனைதான், ஆகையால் அதற்கு விரிக்கிற துணியும் மடியாக இருக்க வேண்டும் என்று தாமாகவே ஒரு சாஸ்திரம் எழுதிவிட்டார். பராசரனுக்கே அது புதுச் சேதி. ஆனால் ஆசாரத்தைக் கூட்டுகிற பிள்ளையை எந்த அர்ச்சகர் கண்டிப்பார்? கைத்தறியில் நெய்த கெட்டித் துப்பட்டி அது. தண்ணீரில் நனைந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும். அதைத் தினமும் துவைத்து, சொட்டு நீர் நிற்காமல் முறுக்கிப் பிழிந்தால்தான் மறுநாள் விடிவதற்குள் உலரும்.

குழந்தை ஸம்பத்குமார் பிறந்த பிறகு பூமாவுக்கு வலது கையில் ஒரு கோளாறு வந்தது. கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்து, மரத்துப் போகும். தூக்கத்தில் வலி வந்து எழுப்பிவிடும். எழுந்து கையை உதறு உதறென்று உதறினால் கொஞ்சம் தணியும். வெளியிலிருந்து பார்த்தால் காயம் கிடையாது, வீக்கம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நோவுக்கு ஒரு வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? எதிர்வீட்டு அம்மாள் வேறு, “பெத்த பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்க மாட்டேங்கறாளே, இது என்ன தாயார்?” என்று குளத்தங்கரை வரைக்கும் பேசிவிட்டு வந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும். பூமா கீழே உட்கார்ந்து மடியில் இழுத்துக்கொள்வாளே தவிர, தூக்கமாட்டாள்.

பாஷ்யம் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். பூமா ஒருநாள் தன் கையைப் பற்றிச் சொன்னபோது அவர் எரிந்து விழவில்லை. சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். தமக்குத் தெரிந்த வைத்தியத்துக்குத் தம் வீட்டிலேயே ஒரு நோயாளி. அன்றைக்கே துப்பட்டியை விரித்து, உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லிக் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் கைகூப்பச் சொல்லிக் கொடுத்தார். துணி பிழிவதற்கும் அடுப்படித் தளிகைக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் பூமா அதைச் செய்தாள். தோள்பட்டை கொஞ்சம் இளகியது. ஆனால் கையை ஊன்றுகிறபோது மணிக்கட்டில் சுரீரென்றது. மறுநாள் காலை மறுபடியும் துப்பட்டி. சில வாரம் பார்த்துவிட்டு, “உனக்குச் சிரத்தை போதலை. ஆசனம் பொய்க்காது” என்று பாஷ்யம் தீர்ப்புச் சொன்னார். பூமாவும் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள்.

பாஷ்யத்துக்கு உத்தியோகம் கும்மிடிப்பூண்டியில். எழுபதுகளின் கடைசியில் அங்கே வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் அவர் கணக்கெழுதுகிறவர். பெரியபாளையத்தில் பஸ் மாறி, கவரைப்பேட்டை வழியாகப் போய்ச் சேருவார். அங்கே அவருக்குப் பெயரே ‘ஆசன சாமி’. ஷிப்டு முடிந்ததும், குடோன் நிழலில் இடுப்புப் பிடித்தவன், கழுத்துப் பிடித்தவன் எல்லாம் வந்து உட்காருவார்கள். அலுக்காமல் ஒவ்வொருவரையும் விசாரித்து ஆசனம் சொல்லிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

அப்படி வந்தவன்தான் அரசப்பன். வார்த்தெடுத்த இரும்பின் பிசிறைத் தேய்க்கிற கிரைண்டிங் மெஷினைக் கையில் பிடித்து வேலை செய்கிறவன். மெஷின் நாளெல்லாம் கிடுகிடுவென்று அதிரும். அவனுக்கும் அதே விரல்கள், அதே மரமரப்பு. பாஷ்யம் அவன் கையை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஆசனம் சொல்லிக் கொடுத்தார். அரசப்பனுக்கும் குணமாகவில்லை. ஆனால் அவனிடம் சிரத்தையைப் பற்றி அவர் பேசவில்லை. அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய் நின்று பார்த்தார். பிறகு மேனேஜரிடம் போனார்.

அங்கே நடந்ததை வீட்டில் அவர் சொல்லவில்லை. “அரசப்பன்னு ஒருத்தன், கை சுத்தமா மரத்துப் போயிருந்தது. ஆசனத்தாலேயே சரியாயிடுத்து. அவனுக்கு நம்பிக்கை இருந்தது” என்று மட்டும் சொன்னார். பூமா கேட்டுக்கொண்டு, சாதத்தை இடது கையால் வடித்தாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரசப்பன் தன் மனைவி மணியம்மாளைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் வந்து சேர்ந்தான். கை நல்லபடியானால் வருவதாகப் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல். அதை முடித்துக்கொண்டு, அம்மனுக்கு அடுத்தபடியாக ஆசன சாமியையும் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டார்கள். சொந்த நிலத்தில் விளைந்த வேர்க்கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே வரச் சொல்லியும் கேட்காமல் வாசல்நடையிலேயே உட்கார்ந்தார்கள். பூமா மோர் கொண்டுவந்தாள். சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, கீழே வைத்துத்தான் நகர்த்தினாள். அதை மணியம்மாள் பார்த்தாள்.

அரசப்பனுக்குச் சொல்லி மாளவில்லை.

“எங்க சாமி இன்னா பண்ணாரு தெரியுமாம்மா? நேரா மேனேஜராண்ட போய் நின்னுக்கினாரு. ‘ஒரு பக்கம் மெசினு அவன் கையைத் தின்னுக்கினு கீது. இன்னொரு பக்கம் ஆசனம் இன்னா பண்ணும்? மொதல்ல அவனை மெசின்லேந்து எறக்கு. அப்பறந்தான் ஆசனம் வேலை செய்யும்’னு சொல்ட்டாரு. அந்தாளு மொறைச்சான். கணக்கு எழுதறவனுக்கு இன்னாய்யா பேச்சுன்னான். வேலையே போயிருக்கும். சாமி நவுரலியே. என்னை கேட்டாண்ட வாச்மேன் வேலைக்கு மாத்துற வரிக்கும் உட்டாரா?”

பாஷ்யம் “அதெல்லாம் எதுக்கு இப்போ” என்று கையமர்த்தினார். புகழ்ச்சி பிடிக்காத மாதிரிதான் கையமர்த்தினார். பூமா கதவோரம் நின்று முழுவதையும் கேட்டாள்.

அவர்கள் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனார்கள். பாஷ்யம் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்ல மனுஷா என்றார். பூமா நகரவில்லை.

“அவர் சொன்னது நிஜமா? நீங்க அப்படிப் பேசினேளா?”

“பேசினேன். அதிர்ற மெஷினைப் பிடிச்சிண்டே ஆசனம் பண்ணி என்ன பிரயோஜனம்?”

“அப்படீன்னா எனக்காக யார்கிட்டே போய் நிக்கணும்னு சொல்லுங்கோ. நானே போய் நின்னுக்கறேன்.”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். பாஷ்யத்தின் வாயிலிருந்த கடலை அப்படியே நின்றுவிட்டது.

“போன வெள்ளிக்கிழமை குழந்தைக்குத் தண்ணி விட்டுட்டுத் தூக்கினேன்” என்றாள் பூமா. “பிடிச்சிண்டிருக்கேனா இல்லையான்னு விரலுக்குத் தெரியலை. நழுவிட்டான். முழங்காலை இடுக்கிண்டதுல நடுவுல விழுந்தான், தப்பிச்சான். பக்கத்துலயே துவைக்கிற கல். நான் ஏன் தூக்க மாட்டேங்கறேன்னு ஊரே பேசறது. தூக்காம இருக்கறது எனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலை. நீங்களும் கேக்கலை.”

பாஷ்யம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அரசப்பன் கையை அப்படித்தான் பார்த்திருந்தார். பெண்டாட்டியின் கையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதைமேடு இடது கையில் இருந்தது. வலது கையில் வற்றிப் போய்க் குழிந்திருந்தது. இவ்வளவு நாள் இந்தக் கைதான் தமக்கு இலை போட்டுப் பரிமாறியது என்பது நினைவுக்கு வந்தபோது, அவருக்குத் தம்மேலேயே வெறுப்பு வந்தது. ஊரான் கைக்காக உத்தியோகத்தைப் பணயம் வைத்த மனிதருக்கு வீட்டுக் கிணற்றடி எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை கூடத்தில் யாரும் தலைகீழாக நிற்கவில்லை. பாஷ்யம் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு நேரே துவைக்கிற கல்லுக்குப் போனார். முதலில் துப்பட்டியை எடுத்தார். உள்ளங்கை இரண்டையும் ஊன்றி முழு உடம்பையும் அந்தரத்தில் நிறுத்துகிற மனிதர் அவர். ஒரு துப்பட்டியைப் பிழிய முடியாதா என்ன? முடியவில்லை. முறுக்க முறுக்க அது பாம்பு மாதிரி எதிர்த்து முறுக்கிக்கொண்டது. கை வழுக்கியது, மணிக்கட்டு தெறித்தது, பாதித் தண்ணீர் அவர் மேலேயே கொட்டியது. மூச்சு வாங்க நிமிர்ந்தபோது பராசரன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“இதென்னடா கூத்து? ஆத்துல மாட்டுப்பொண் இல்லையா?”

“இருக்கா அப்பா. அவ கைதான் இல்லாம போயிண்டிருக்கு.”

பாஷ்யம் எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை நழுவியதையும் சொன்னார். தாம் ஆசனம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த ஆசனத் துணியையே அவள் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னதையும் மறைக்கவில்லை. இனி இந்த வீட்டில் பூமா எதையும் பிழியப் போவதில்லை, நானும் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், மடி கெட்டுவிடும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். மேனேஜர் முன்னால் நின்றதைவிட இங்கே நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பராசரன் பிள்ளை கையிலிருந்த துப்பட்டியைப் பார்த்தார். பிள்ளை கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். ஈரத் துணியோடு கண்கலங்கி நிற்கிற பிள்ளையை என்ன செய்வது?

“துணி பிழியற கை ஆம்பிளைக் கையா பொம்மனாட்டி கையான்னு சாஸ்திரத்துல எங்கேயும் கேக்கலைடா” என்றார். “உங்கம்மா இந்த ஆத்துக்கு வர வரைக்கும் என் வேஷ்டியை நான்தான் பிழிஞ்சிண்டேன். அப்புறம் பழகிப் போச்சு. பழகினதை ஆசாரம்னு சொல்லிண்டுட்டேன்.”

சொல்லிவிட்டு, குவியலிலிருந்து தம்முடைய வேஷ்டியையும் உத்தரீயத்தையும் தனியே எடுத்துக்கொண்டு கல்லின் மறுபக்கம் போனார். அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே நின்று பிழிவதை எதிர்வீட்டு அம்மாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ‘ஐயங்கார் புது ஆசனம் கத்துண்டிருக்கார்’ என்று கேலி பேசினார்கள். பாஷ்யம் அந்தக் கேலியை மோர் குடிப்பது போலக் குடித்துவிட்டுப் போனார். துப்பட்டிக்கு அன்றோடு ஓய்வு. அதற்குப் பதில் ஒரு கோரைப்பாய் வந்தது. தண்ணீர் தெளித்து நிழலில் சாய்த்தால் அதுவே உலர்ந்துகொண்டது.

அந்த வாரமே பூமாவை மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். விரல்களுக்குப் போகிற நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியாகப் போகிறது, அந்த வழியில் வீக்கம் கண்டு நரம்பு நசுங்குகிறது என்றார். பிரசவத்தை ஒட்டிச் சிலருக்கு இது வரும், பலருக்குத் தானாகவே தணியும், தணிய விடாமல் தினமும் முறுக்கியதுதான் தப்பு என்றார். தூங்கும்போது கை மடங்காமல் இருக்க மரப்பட்டை வைத்துக் கட்டச் சொன்னார். ஆசனத்தைப் பற்றிப் பாஷ்யம் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டில் பாரம் போடுகிற எதுவும் கூடவே கூடாது, தோளையும் கழுத்தையும் கையையும் மெதுவாக நீட்டுகிற ஆசனங்கள் போதும் என்றார். கடைசியாக, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கத்தி வைத்தாலும் அந்தச் சதை திரும்பாது, இப்போதும் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

பிறகு பூமா கோரைப்பாயில் உட்கார்ந்து கைகளை மேலே நீட்டுவாள். நெஞ்சுக்கு நேரே அழுத்தாமல் கைகூப்புவாள். அந்த நேரத்தில் கிணற்றடியில் பாஷ்யம் பிழிந்துகொண்டிருப்பார். தண்ணீர் இழுப்பது, மாவாட்டுவது எல்லாம் மாமனாரும் பிள்ளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பராசரன் அரைத்த இட்லி மாவு முதலில் வாயில் வைக்க விளங்கவில்லை. பெருமாளே என்று சாப்பிட்டார்கள். மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது பூமா ஒருநாள் உளுந்தைக் கையில் அள்ளினாள். ஒவ்வொரு பருப்பும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. கட்டைவிரல் மட்டும் பழைய பலத்துக்கு வரவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஸம்பத்குமாரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், எதிர்வீட்டு வாசல் வழியாகவே, நடந்துவிட்டு வந்தாள். பாஷ்யம் அதை வாசலில் நின்று பார்த்தார்.

கும்மிடிப்பூண்டிக் குடோன் நிழலில் இப்போதும் ஷிப்டு முடிந்து ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒருநாள் வார்ப்படப் பிரிவிலிருந்து தேசப்பன் வந்தான்.

“சாமி, ஊட்ல அதுக்குக் கை மரத்துப் போவுதாம். ராவுல எழுந்து உதறிக்கினு கெடக்குது. ஒரே பேஜாரு. ரெண்டு ஆசனம் சொல்லு, போய்ச் சொல்றேன்.”

பாஷ்யம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். வீட்டில் மாவாட்டுவது யார், தண்ணீர் சுமப்பது யார், சாணி தட்டுவது யார், உன் காக்கி உடுப்பைத் துவைத்துப் பிழிவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தேசப்பன், “அதுதான்” என்று ஒரே பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“முதல்ல ஆஸ்பத்திரியிலே காட்டு” என்றார் பாஷ்யம். “ஆசனம் நல்ல மருந்து, தேசப்பா. ஆனா நோவு கொடுக்கிற வேலையை அவங்க கையிலேயே விட்டுட்டு, மருந்தை மட்டும் கொடுக்கிறது வைத்தியம் இல்லை, ஏமாத்து வேலை. நான் அதைச் செஞ்சேன். என் சம்சாரத்தோட கட்டைவிரல் இன்னும் முழுசா வரலை. அதனால முதல் ஆசனம் உனக்குத்தான். நாளைக்குக் காலையிலே எழுந்து அவங்க கையிலே இருக்கிற வாளியை வாங்கிக்கோ. வாங்கிட்டு வா, ரெண்டாவது ஆசனம் நான் அவங்களுக்குச் சொல்லித் தர்றேன்.”